நீச்சல்குள பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

கேள்வி (ஏப்ரல் 6, காலை)

எங்கள் குளத்து பம்பில் ‘செல்ஃப் பிரைமிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் பம்பின் குப்பை பிடிக்கும் கூடையைக் கழுவி வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால் சும்மா இரைகிறதே தவிர தண்ணீர் எடுக்கவில்லை. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள் என்கிறார் பராமரிப்பவர். தானே எடுத்துக்கொள்ளும் பம்புக்கு நான் ஏன் ஊற்ற வேண்டும்? மோட்டாருக்கு இழுவை போதவில்லை என்பது என் கணிப்பு. 1 எச்.பி.யைக் கழற்றிவிட்டு 2 எச்.பி. போடலாமா?

ஏப்ரல் 6, மதியம்

போடாதீர்கள். காசும் போகும், தண்ணீரும் வராது.

இந்த பம்ப் எதையும் இழுப்பதில்லை. உள்ளே இருக்கும் இம்பெல்லர் என்கிற சுழல்சக்கரம் தன் நடுவுக்கு வரும் தண்ணீரை ஓரத்துக்கு வீசி எறிகிறது, அவ்வளவுதான். வீசியதால் நடுவில் அழுத்தம் குறைகிறது. குளத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுமண்டலம் தண்ணீரைக் குழாய் வழியாக அங்கே தள்ளுகிறது. இம்பெல்லரைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று இருந்தால் வீசுவதற்கு ஒன்றுமில்லை. காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசு. 15 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப், காற்றில் சுற்றும்போது உண்டாக்கும் அழுத்த வித்தியாசம் 2 செ.மீ. தண்ணீருக்குக்கூடக் காணாது. அதைப்போல இரண்டு மடங்கு உயரம் தள்ளும் பம்பைப் போட்டாலும் 4 செ.மீ. தாண்டாது. நீர்மட்டம் பம்புக்கு அரை மீட்டர் கீழே இருந்தாலே கதை முடிந்தது. வெறும் பானையில் மத்தை விட்டு எவ்வளவு வேகமாகக் கடைந்து என்ன பயன்?

ஊற்றுங்கள். மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

ஏப்ரல் 6, இரவு

அப்படியானால் செல்ஃப் பிரைமிங் என்பது பொய்யா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பொய்யில்லை, ஆனால் அதற்கு ஒரு கைமுதல் வேண்டும். கூடை இருக்கும் பாத்திரத்திலும் இம்பெல்லர் அறையிலும் சில லிட்டர் தண்ணீர் நிற்கும்படி பம்பை வடிவமைத்திருக்கிறார்கள். ஓட ஆரம்பித்ததும் இம்பெல்லர் அந்தத் தண்ணீரையும் குழாயிலிருந்து வரும் காற்றையும் சேர்த்து நுரையாக்கி வெளியே தள்ளும். வெளியறையில் காற்று பிரிந்து மேலே ஃபில்டர் பக்கம் போகும்; கனமான தண்ணீர் மறுபடி இம்பெல்லருக்கே திரும்பும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிடும். காற்றுப்போக்க அதற்குத் தெரியும், கைமுதல் தண்ணீரைத் தானே சம்பாதிக்கத் தெரியாது. நீங்கள் கூடையைக் கழுவும்போது அந்தக் கைமுதலில் பாதியைக் கீழே கொட்டிவிட்டீர்கள்.

எவ்வளவு காற்று இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர். பம்புக்கும் குளத்துக்கும் 10 மீட்டர் என்றால் 20 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். அதனால்தான் சில குளங்களில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும், சில குளங்களில் நம் பொறுமையைச் சோதிக்கும்.

ஏப்ரல் 7

முறையாக எழுது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் செய்வது இது.

முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். டைமர் வைத்த குளமாக இருந்தால் டைமரை மட்டும் நம்பி உள்ளே கையை விடாதீர்கள், பிரேக்கரையே இறக்குங்கள். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் சக்ஷன் (குளத்திலிருந்து வரும் பக்கம்), டெலிவரி (ஃபில்டருக்குப் போகும் பக்கம்) இரண்டு வால்வுகளையும் மூடிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளம் உங்கள் காலடிக்கு வந்துவிடும். ஃபில்டரின் காற்றுத்திறப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை விடுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, கூடையை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப வையுங்கள். தண்ணீரை விளிம்புவரை ஊற்றுங்கள்.

அடுத்தது மூடியின் ஓ-ரிங். இதற்குத்தான் நான் நேரம் கொடுப்பேன். அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். அது உட்காரும் பள்ளத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வளையம் தட்டையாகிவிட்டிருந்தால், அல்லது வளைத்துப் பார்க்கும்போது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், புதிது வாங்க வேண்டும். சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். மூடியைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனரை எடுத்தால் மூடிதான் உடையும்.

டெலிவரி வால்வைத் திறந்துவிட்டு, சக்ஷன் வால்வையும் திறந்து, ஃபில்டரின் காற்றுத்திறப்பு திறந்திருக்கும்போதே ஸ்விட்சைப் போடுங்கள். போட்டதும் அங்கேயே நிற்காமல் ஃபில்டரைவிட்டுத் தள்ளிப் போங்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன். திறப்பிலிருந்து முதலில் காற்று சீறும், அப்புறம் துப்பும், கடைசியில் தண்ணீர் சீராக வரும். அப்போது மூடுங்கள்.

ஏப்ரல் 7, சற்று நேரம் கழித்து

மல்டிபோர்ட் வால்வைப் பற்றி, அதாவது ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் வால்வைப் பற்றி, விட்டுப்போயிற்று. பம்ப் ஓடும்போது அதன் கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

ஏப்ரல் 9

“எவ்வளவு ஊற்றினாலும் நிறையவே மாட்டேன் என்கிறது” என்கிறீர்கள். பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வும் (தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு) இல்லையென்றால் நிறையாது. பாத்திரத்துக்குள் சக்ஷன் குழாய் வந்து சேரும் வாய்வரைதான் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் குழாய் வழியாகக் குளத்துக்கே போய்விடும். வாய்வரை நின்றால் போதும், கைமுதலுக்கு அது காணும். முழுக்க நிரப்பியே ஆக வேண்டும் என்றால், பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சக்ஷன் வால்வை மூடிவிட்டு நிரப்பி, மூடியைப் போட்டு, பம்ப் ஓடத் தொடங்கியதும் வால்வை உடனே திறங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. தோட்டத்து ஹோஸின் நுனியில் துணியைச் சுற்றி, ஸ்கிம்மரின் (குளத்து ஓரத்தில் மேல்தண்ணீரை உள்வாங்கும் பெட்டி) அடித் துளையில் இறுக்கிச் செருகி, அந்தப் பக்கத்திலிருந்து குழாயை நிரப்புவது. நீளமான குழாய்க்கு இதுதான் வசதி. துணி உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதை வெளியே எடுப்பது தனிக் கதை.

ஏப்ரல் 10

காதால் கேட்டே சொல்லிவிடலாமா என்று ஒருவர். ஓரளவு முடியும். காற்றில் சுற்றும்போது சத்தம் உயரமாக, வெற்றாக இருக்கும். நடுநடுவே சரளைக்கல் உருளுவதுபோல் கேட்கும். தண்ணீர் வந்து சேர்ந்ததும் சத்தம் கனத்து, கீழே இறங்கும். ஆனால் காதைவிடக் கண்ணை நம்புங்கள். அந்த மூடி கண்ணாடியாக இருப்பதே பார்க்கத்தான். முதலில் தண்ணீர் அடியில் கிடந்து நடுங்கும். அப்புறம் வெளுத்த நுரை. பிறகு குழாய் வாயிலிருந்து ஒரு நாக்கு நீண்டுவந்து எதிர்ச் சுவரில் அறையும், பின்வாங்கும், மறுபடி அறையும். அதன் பிறகு சட்டென்று நிறைந்து, மூடிக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழ் மட்டும் நிற்கும். சிறியதாக, அசையாமல் நின்றால் கவலையில்லை. குமிழ் பெரிதாகிக்கொண்டே போனாலோ, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் வாயில் ஓயாமல் குமிழி வந்தாலோ, எங்கோ காற்று உள்ளே வருகிறது.

ஏப்ரல் 11

மேலே ஒருவர் “அரை மணி நேரம் ஓடவிட்டேன், கடைசியில் எடுத்துவிட்டது” என்று பெருமையாக எழுதியிருக்கிறார். தண்ணீர் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் உங்கள் மெக்கானிக்கல் சீலுக்கு இருக்காது.

மோட்டார் ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றுக்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி முகம் பாழாகும், செராமிக் வெடிக்கும். உடனே தெரியாது. சில வாரம் கழித்து மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டச் சொட்டத் தண்ணீர் கசியும். அது பேரிங்குக்குள் போகும். அப்போது எல்லோரும் “மோட்டார் போச்சு” என்பார்கள். பம்புக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரும் கொதிக்கிற பதத்துக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில், பம்ப் வாயில் திருகியிருக்கும் பி.வி.சி. மரை இளகிச் சுருங்கும். அன்றுமுதல் அங்கே நிரந்தரமாகக் காற்று நுழையும். வறண்டு ஓடியதே அடுத்தமுறை தண்ணீர் எடுக்காததற்குக் காரணமாகிவிடுகிறது, இந்த வட்டம்தான் எனக்கு எரிச்சல்.

சாதாரணக் குளத்தில் 5 நிமிடத்தில் எடுக்காவிட்டால் அணைத்துவிடுங்கள். ஆறவிட்டு, மறுபடி நிரப்பி, இன்னொரு முறை பாருங்கள். அதிலும் வராவிட்டால் காரணத்தைத் தேடுங்கள். ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது தேடுவதாகாது.

ஏப்ரல் 12

அந்த 5 நிமிடத்தைக் கல்லில் செதுக்க வேண்டாம். குழாய் நீளமாக, பம்ப் உயரத்தில் இருந்தால் கூடுதலாக ஆகும். கையேட்டில் 10 நிமிடம் என்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் நீர்மட்டம் ஏறுகிறதா, நுரையின் சேட்டை கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். எந்த மாற்றமும் தெரியாமல் 2 நிமிடம் போனால் நான் அப்போதே அணைத்துவிடுவேன்.

ஏப்ரல் 14

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. தொந்தரவு என்னவென்றால், சக்ஷன் பக்கம் ஓட்டை இருந்தால் பம்ப் ஓடும்போது தண்ணீர் சொட்டாது. உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம், எனவே காற்று உள்ளேதான் போகும். தரை காய்ந்து கிடக்கும்; “எங்கேயும் லீக்கே இல்லை” என்று சத்தியம் செய்வார்கள்.

நான் பார்த்த ஒரு குளத்தில் மூடி ஓ-ரிங்கை மாற்றி, சீலை மாற்றி, கடைசியில் பம்பையே மாற்றியிருந்தார்கள். புது பம்பும் அதே நுரைதான். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின்மேலும் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். யூனியனில் (குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பு) மாற்றமில்லை, வாய் மரையில் மாற்றமில்லை. சக்ஷன் வால்வின் கைப்பிடித் தண்டின்மேல் ஊற்றினேன், மூடிக்கு அடியில் இருந்த நுரை கண்ணெதிரே தெளிந்தது. ஊற்றுவதை நிறுத்தினேன், சற்றில் மறுபடி வெளுத்தது. தண்டைச் சுற்றியிருந்த சின்ன ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. பம்ப் மாற்றியவரிடம் அதைக் காட்டவில்லை, காட்டி என்ன ஆகப்போகிறது.

தண்ணீருக்குப் பதில் ஷேவிங் நுரையும் தடவலாம். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். நான் தேடும் வரிசை: மூடி, பாத்திரத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகுகள், பம்ப் வாயில் உள்ள மரை, யூனியன், வால்வுத் தண்டு. மண்ணுக்குள் புதைந்த குழாயைச் சந்தேகிப்பது கடைசியில்.

ஏப்ரல் 14, இரவு

தேடக் கிளம்புமுன் ஸ்கிம்மரைப் பார்த்துவிடுங்கள், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதியில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உள்ளே சுழி விழுந்து காற்றும் சேர்ந்து போகும். மட்டம் சரியாக இருந்தும் அங்கே ஆடும் கதவு மேலே சிக்கிக்கொண்டால், குளம் தளும்ப நிற்க ஸ்கிம்மர் மட்டும் வற்றிப்போகும்.

குளத்தடி அழுக்கை உறிஞ்சும் வாக்குவம் ஹோஸை மாட்டும்போதும் இதேதான். ஹோஸ் நிறையக் காற்றோடு ஸ்கிம்மரில் செருகினால் பம்ப் பிடியை விட்டுவிடும். ஒரு நுனியை ரிட்டர்ன் வாயில் வைத்துப் பிடித்து, மறுநுனியில் குமிழி நிற்கும்வரை தண்ணீரை ஏற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஏப்ரல் 17

அடைப்பா, காற்றா? ஒரு வாக்குவம் கேஜ் போதும். பாத்திரத்தின் வடிகால் திருகு ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டலாம். வாக்குவம் வழக்கத்தைவிட அதிகம் காட்டினால் குளத்துப் பக்கம் எங்கோ அடைப்பு அல்லது மூடிய வால்வு. குறைவாகக் காட்டினால் காற்று நுழைகிறது, அல்லது இம்பெல்லரின் நடுத்துளையில் தலைமுடியும் குப்பையும் சிக்கியிருக்கிறது. இம்பெல்லரில் சிக்கியிருந்தால் ஃபில்டரின் பிரஷர் கேஜும் படுத்தே கிடக்கும். மெயினை அணைத்து, கூடையை எடுத்து, விரலை உள்ளே விட்டால் கையோடு வரும். சில நேரம் வளைந்த கம்பி தேவைப்படும்.

ஏப்ரல் 18

எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது: “பம்ப் இழுக்கவில்லை, காற்றுமண்டலம் தள்ளுகிறது என்பதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய், நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான்.” இல்லை ஐயா. இழுப்பதாக இருந்தால் மோட்டார் பெரிதாக ஆக எவ்வளவு ஆழத்திலிருந்தும் எடுக்கலாம். தள்ளுவது காற்றுமண்டலம் என்பதால் அதற்கொரு கூரை இருக்கிறது: கடல்மட்டத்தில் 10.3 மீட்டர். 2000 மீட்டர் உயரமான மலையில் 8 மீட்டர் சொச்சம்தான். உறிஞ்சு பம்ப் 18 இத்தாலிய முழத்துக்கு மேல் எடுக்காது என்பதை கலிலியோ 1638-லேயே எழுதியிருக்கிறார். தன் எடை தாங்காமல் நீர்த்தம்பம் அறுந்துவிடுகிறது என்று காரணம் சொன்னார். காற்றின் எடைதான் காரணம் என்று பாதரசத்தை வைத்துக் காட்டியது அவருக்குப் பின் வந்த டாரிசெல்லி, 1643-ல். அவருடைய குழாயில் நின்ற 76 செ.மீ. பாதரசமும் நம்முடைய 10.3 மீட்டர் தண்ணீரும் ஒரே எடை.

குழாய் உராய்வு, சூடான தண்ணீரின் ஆவி எல்லாம் கழித்தால் அந்த 10-ல் பெரும்பகுதி போய்விடும். குளத்து பம்புகளுக்கு 3 மீட்டர் அளவில்தான் பொதுவாக வரம்பு வைப்பார்கள். இடம் மாற்ற வாய்ப்பிருந்தால் பம்பைக் கீழே இறக்குங்கள், குளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எச்.பி. ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 19

வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் வைத்திருப்பவருக்கு: குறைந்த வேகத்தில் பிரைமிங் எதிர்பார்க்காதீர்கள். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். பிரைமிங்குக்கென்று தனியாக ஒரு வேகம் செட்டிங்கில் இருக்கும், அதைக் குறைத்து வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஏப்ரல் 21

தள்ளி நில்லுங்கள் என்று 7-ஆம் தேதி சொன்னது. ஃபில்டர் தொட்டியில் சிக்கிய காற்றைப் பம்ப் அமுக்கிக்கொண்டே போகும். 50 செ.மீ. குறுக்களவுள்ள மூடியின்மேல் 1 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 2 டன் எடை. தண்ணீர் மட்டும் இருந்தால், விரிசல் விட்டதும் அழுத்தம் உடனே இறங்கிவிடும். அமுங்கிய காற்று அப்படியில்லை, விரிந்து மூடியைத் தூக்கி எறியும். கிளாம்ப் சரியாக உட்காராத ஃபில்டருக்கு மேலே குனிந்து கேஜைப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

குளத்துக்குள்ளும் யாரும் இருக்கக் கூடாது. காரணம் இரண்டு. பிரைமிங்குக்காக ஸ்கிம்மரை மூடி குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் வாயான மெயின் டிரெயினை மட்டும் திறந்து வைப்போம். மொத்த உறிஞ்சலும் அந்த ஒரு வாயில் நிற்கும். டிரெயின் மூடி உடைந்திருந்தால் முடியோ கையோ சிக்கிவிடும். அமெரிக்காவில் 2007-ல் டிரெயின் மூடிகளுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது சும்மா இல்லை. இரண்டாவது, குளோரினையும் ஆசிடையும் தானாகச் செலுத்தும் கருவி வைத்த குளங்கள். பம்ப் நின்றும் அந்தக் கருவி நிற்காவிட்டால், ஓடாத குழாயில் இரண்டும் கலந்து குளோரின் வாயு சேர்ந்திருக்கும். பம்ப் எடுத்ததும் அது ரிட்டர்ன் வழியாகக் குளத்தில் குப்பென்று கிளம்பும். நீந்துகிறவர் மூச்சு அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. பம்ப் நின்றால் மருந்தும் நிற்கும்படி வயரிங் செய்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஏப்ரல் 23

“முணுமுணுக்கிறது, சுற்றவில்லை” என்பது வேறு நோய், பிரைமிங் இல்லை. உடனே அணையுங்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கும், அல்லது இம்பெல்லரில் கல் சிக்கியிருக்கும். மெயினை இறக்கிவிட்டு ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள்; லேசாகச் சுற்றினால் கெபாசிட்டர் பக்கம் போங்கள். கெபாசிட்டர் அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தெரியாதவர் தொட வேண்டாம்.

ஏப்ரல் 26

மூன்று ஃபேஸ் மோட்டாரை ரீவைண்டிங் செய்துவந்து மாட்டியதிலிருந்து எடுக்கவில்லை என்று எழுதியவருக்கு: திசையைப் பாருங்கள். இம்பெல்லர் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் கொஞ்சம் போகும், அதனால் சந்தேகமே வராது. காற்றை வெளியேற்ற மட்டும் அதற்குத் தெம்பு இருக்காது. பம்ப் உடம்பில் அம்புக்குறி இருக்கும். ஒரு நொடி போட்டு அணைத்து, பின்பக்க விசிறி நிற்கும்போது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒப்பிடுங்கள். எதிராக இருந்தால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அது சில நிமிட வேலை.